பிளிக்கர்ஸ் அட்டைக்கு லேமினேஷன் போடலாமா?

பக்கத்துப் பள்ளி டீச்சர் கேட்ட கேள்வி இது. பிளிக்கர்ஸ் (Plickers) ஒரு மொபைல் ஆப். கறுப்புக் கட்டம் அச்சிட்ட அட்டையின் நான்கு ஓரத்திலும் A, B, C, D என்று எழுத்து இருக்கும். பிள்ளைகள் தங்கள் விடையின் எழுத்து மேலே வரும்படி அதைத் திருப்பிப் பிடிப்பார்கள், டீச்சர் மொபைல் கேமராவால் ஸ்கேன் செய்தால் எல்லோர் விடையும் பதிவாகும். பளபளப்பான ஃபிலிம் என்றால் போடவே போடாதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டால் கறுப்புக் கட்டம் கேமராவுக்கு வெள்ளையாகத் தெரியும், அந்தக் குழந்தையின் விடை பதிவாகாது. 40 அட்டைக்கும் காசு கொடுத்துவிட்டு ஒவ்வொரு கேள்விக்கும் "கொஞ்சம் சாய்ச்சுப் பிடி கண்ணு" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. எரிச்சல் தாங்காது. மேட் ஃபிலிம் கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் லேசர் பிரிண்ட் எடுத்துப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டுங்கள். அட்டை வளைந்தாலும் கேமரா படிக்காது. வெட்டும்போது சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை விட்டு வெட்டுங்கள். விரல் அங்கேதான் இருக்க வேண்டும், கறுப்பின் மேல் ஏறக் கூடாது.

ஓரத்து எழுத்து பொடியாக இருப்பது பக்கத்துப் பிள்ளை பார்க்காமல் இருக்கத்தான். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு அது நல்லது. சின்ன வகுப்பில் பின்பக்கமும் பென்சிலால் எழுதிக்கொடுங்கள். ஆனால் முன்பக்கம் வலது ஓரத்தில் இருக்கும் எழுத்து பின்பக்கம் இடது ஓரத்துக்கு வர வேண்டும். அட்டை மெல்லியதாக இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எழுதுங்கள், தப்பாது. ஒரு பிள்ளைக்கு எதிரெதிர் ஓரத்து இரண்டு விடைகள் மட்டும் எப்போதும் மாறி மாறி வந்தால் முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இதெல்லாம் சரியானபின் கிடைப்பது பெரிய விஷயம். டீச்சரிடம் ஒரு மொபைலும் நெட்டும் இருந்தால் போதும், கை தூக்காத பிள்ளையும் பதில் சொல்லிவிடும். அதற்குத் தவறான விடைகளை யோசித்து வைக்க வேண்டும். 52 − 27 என்று கேட்டு 25, 35, 79, 24 கொடுங்கள். 35 எடுத்தவர் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறார், கடன் வாங்கவில்லை. அவரைப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளோடு உட்கார வையுங்கள். 79 எடுத்தவருக்குக் குச்சி தேவையில்லை, அவர் குறியைப் பார்க்காமல் கூட்டியிருக்கிறார். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருந்தாலும் அன்றைய கணக்குக்கு யார் யாரோடு உட்கார வேண்டும் என்பது இதில்தான் தெரிகிறது.

விடைகள் இரண்டாகப் பிரிந்து நின்றால் சரியானதைச் சொல்லிவிடாதீர்கள். இருவர் இருவராகப் பேசவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். விடையை முதலிலேயே காட்டிவிட்டால் பேச்சு அதோடு நின்றுபோகும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால், இத்தனை திட்டியபிறகும், நாளைக்கே பிரிண்ட் எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்றாம் வகுப்புக்கு வேண்டாம். அட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலேயே பாடவேளை போய்விடும். சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னால் போதும், எண் எழுதவும் பழகும்.