இன்ஷூரன்ஸா, கைக்காசா? தனி தெரபி கிளினிக் தொடங்குகிறவர்களுக்கு

அமெரிக்காவில் சொந்தமாகக் கிளினிக் வைக்கப்போகும் தெரபிஸ்டுகள் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி இது. இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் பட்டியலில் சேர்வதா, வருகிறவரிடம் நேரடியாகக் கைக்காசு வாங்குவதா? பலர் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தேறும் என்று பார்த்து அதோடு முடிவெடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த அறைக்குள் யார் வரப்போகிறார்கள், அவர்களைப் பற்றி ஆவணத்தில் என்ன எழுதப்போகிறோம் என்பதை அதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

சரி, பணத்தை முதலில் பார்த்துவிடலாம். இன்ஷூரன்ஸில் கட்டணம் ஒப்பந்தத்தில் இருப்பதுதான். அது உங்கள் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் மிச்சத்தை வருகிறவரிடம் கேட்க முடியாது. கோ-பே (ஒவ்வொரு வருகைக்கும் அவர் கட்டும் தொகை), டிடக்டபிள் (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்குமுன் அவரே கட்ட வேண்டிய தொகை) போன்ற அவருடைய பங்கை மட்டும் வாங்கலாம். நிமிடக் கணக்கும் உண்டு. பேச்சு சிகிச்சைக்கான 90834 என்ற பில் குறியீட்டைப் போட அமர்வு 38 முதல் 52 நிமிடம் நடந்திருக்க வேண்டும். 53 நிமிடம் ஆனால்தான் அடுத்த குறியீடான 90837. பட்டியலில் சேரவே மாதக்கணக்கில் ஆகலாம். பணம் கேட்டு அனுப்பிய கிளெய்ம் திரும்பி வந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். கொடுத்த பணத்தையே, குறிப்புகள் போதவில்லை என்று பிற்பாடு திரும்பக் கேட்பதும் நடக்கிறது. இந்த நேரத்துக்கெல்லாம் யாரும் கூலி தருவதில்லை.

கைக்காசில் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் ஆட்களை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல், கைக்காசு கொடுப்பவருக்குச் செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் தருவதும் சட்டப்படி கட்டாயம். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் அவர் முறையிடலாம்.

இனி எனக்கு முக்கியமான விஷயம். இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்க வேண்டுமென்றால் சிகிச்சை மருத்துவரீதியாகத் தேவை என்று காட்ட வேண்டும். அதாவது, வந்தவருக்கு ஒரு நோய்ப்பெயர் வேண்டும். மனச்சோர்வோடு வருகிறவருக்கு அது உண்மையான பெயர். எழுதத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பேச்சுவார்த்தையே நின்றுபோன கணவனும் மனைவியும் வந்து உட்கார்ந்தால்? தம்பதியர் உறவுச் சிக்கலுக்கென்று தனிக் குறியீடு இருக்கிறது. அதை மட்டும் எழுதினால் பல திட்டங்கள் பணம் தருவதில்லை. உடனே இருவரில் ஒருவர் மேல் ஏதோ ஒரு நோயை எழுதிவிடலாமா என்று மனம் அலையும். இல்லாத நோயை எழுதுவது மோசடி. அதைவிட, உறவைச் சரிசெய்ய வந்த இடத்தில் ஒருவரை மட்டும் நோயாளியாக்கி அனுப்புவது எனக்குப் பொறுக்காது.

அந்தப் பெயர் எளிதில் அழிவதுமில்லை. முன்பே இருந்த நோயைக் காரணம் காட்டி மருத்துவ இன்ஷூரன்ஸை மறுப்பது 2014 முதல் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஆயுள் காப்பீட்டு விண்ணப்பம் இன்னும் கேட்கலாம். கைக்காசில் முழுத்தொகையும் கட்டியவர், அந்தச் சிகிச்சை பற்றிய தகவலை என் இன்ஷூரன்ஸுக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்டால் நீங்கள் ஏற்றாக வேண்டும். நோயாளியின் தகவல் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் விதிகளில் 2013-இல் உறுதியான உரிமை இது. வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் வைத்துக் கைக்காசே நல்லது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பீதி நோய்க்குக் கைக்காசு கொடுத்து வாரம் ஒருமுறை வர வேண்டியவர், நாலாவது வாரத்தில் "இனி மாதம் ஒருமுறை வரட்டுமா?" என்று கேட்பார். காரணம் பணம் என்று அவர் சொல்ல மாட்டார், ஆனால் நமக்குப் புரியும். அரைகுறையாக நின்றுபோகும் சிகிச்சைக்கு அவர் கொடுத்த காசும் வீண். 2008-இல் வந்த சமத்துவச் சட்டப்படி, மனநலச் சிகிச்சையையும் சேர்த்துத் தரும் திட்டம் உடல்நலச் சிகிச்சைக்கு இல்லாத கெடுபிடியை அதற்கு மட்டும் வைக்கக் கூடாது. ஆனால் பட்டியலில் தெரபிஸ்டே இல்லையென்றால் அந்தச் சட்டத்தால் அவருக்கு என்ன பயன்? மாதாமாதம் பிரீமியம் கட்டிவிட்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் போன் செய்து "புதியவர்களை எடுப்பதில்லை" என்ற பதிலையே கேட்கிறவர்களை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

நடுவழியாகச் சூப்பர்பில்லைச் சொல்வார்கள். வந்தவர் முழுக்கட்டணமும் கட்டுவார், நீங்கள் விவரமான ரசீது கொடுப்பீர்கள், அவர் தன் இன்ஷூரன்ஸில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவார். வெளியாட்களிடம் எடுத்த சிகிச்சைக்கும் பணம் தரும் திட்டம் இருந்தால்தான் இது நடக்கும். அதிலும் நோய்ப்பெயர் எழுதியாக வேண்டும், முழுப்பணம் முதலில் கையில் இருக்க வேண்டும். கையில் இல்லாதவருக்கு இது வழியே அல்ல.

முதியவர்களைப் பார்ப்பதாக இருந்தால் இன்னொன்று. முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் 2024 ஜனவரி முதல் மனநல ஆலோசகர்களையும் குடும்ப தெரபிஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டுள்ளது. மெடிகேரிலிருந்து முறைப்படி விலகாமல் மெடிகேர் உள்ளவரிடம் தனி ஒப்பந்தம் போட்டுக் கைக்காசு வாங்க முடியாது.

தம்பதியரை மட்டும் பார்ப்பவர் கைக்காசிலேயே இருக்கலாம் என்பேன். மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு என்று நீண்ட சிகிச்சை கொடுப்பவர், பணம் ஒழுங்காகத் தரும் ஒன்றிரண்டு நிறுவனங்களிலாவது சேர வேண்டும். அங்கே ஏற்கெனவே இருக்கும் தெரபிஸ்டுகளைக் கேட்டாலே எது ஒழுங்கு என்று தெரிந்துவிடும். கையெழுத்துப் போடுமுன் விலகும் விதியைப் படியுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, பாதிச் சிகிச்சையில் இருப்பவர்களை அதுவரை பழைய கட்டணத்திலேயே பார்க்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்புறம், விலகுவது என்று முடிவானால் சிகிச்சையில் இருப்பவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், வேறு தெரபிஸ்டைத் தேட அவகாசம் இருக்கும்போதே.