கைப்பிடி வைத்த ரெசிஸ்டன்ஸ் டியூப்: பத்து நிமிடத்துக்குத் தோதானது

பிள்ளை குளித்துவிட்டு வருவதற்குள் கிடைக்கும் பத்து நிமிடத்துக்கு, டம்பெல்லைவிட, இழுத்துப் பயிற்சி செய்யும் இந்த ரப்பர் டியூப்தான் தோது. மாட்ட அரை நிமிடம் போதும். டியூபை மிதித்துக்கொண்டு 15 ஸ்குவாட், கதவில் மாட்டி 12 ரோயிங் (துடுப்புப் போடுவதுபோல் மார்பை நோக்கி இழுப்பது), பிறகு 10 புஷ்-அப். இதையே மூன்று சுற்று. கடைசி இரண்டு இழுப்பில் சிரமம் தெரியவில்லையா, இன்னும் கனமான டியூபுக்கு மாறுங்கள். பத்து நிமிடம் கூட இல்லாத நாளில் ஒரு சுற்று செய்தாலும் கணக்கில் சேரும். குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது.

கதவில் மாட்டும் பட்டையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். உங்கள் பக்கம் திறக்கும் கதவென்றால், இழுக்கும்போது கதவே திறந்து வந்துவிடும். எதிர்ப்பக்கம் திறக்கும் கதவில், கீல் ஓரமாக மாட்டித் தாழ்ப்பாள் போடுங்கள். வீட்டில் குழந்தை ஓடிக்கொண்டிருந்தால் இது கட்டாயம்.

டியூபின் லேடெக்ஸ் ரப்பர் வெயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் கெடும். கைப்பிடியோடு சேரும் இடத்தை லேசாக இழுத்து, நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். அறுந்தால் முகத்தில் அடிக்கும். துணி உறை போட்டது கிடைத்தால் அதையே வாங்கலாம்.

ஒரே குறை, கால் தசைக்கு இந்தக் கனம் சீக்கிரமே போதாமல் போகும்.