தொங்குவதா, நிமிர்வதா, குட்டையா: எந்த பாட்டில்பிரஷ் வைக்கலாம்?

நர்சரியில், பாட்டில் கழுவும் பிரஷ் போலப் பூக்கும் பாட்டில்பிரஷ் செடியைக் கேட்டால் ஒரு அடி உயரக் கன்று ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த வயதில் பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்: மெல்லிய தண்டு, ஒடுங்கிய இலை. சில வருடம் போனால் ஒன்று 15, 20 அடி மரமாகக் கிளைகளைத் தொங்கவிட்டு நிற்கும். இன்னொன்று இடுப்பளவைத் தாண்டாது. அதனால் பூ என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னால், ரகத்தின் பெயரைக் கேளுங்கள். கன்றின் பெயர் அட்டையில் காலிஸ்டீமான் என்றும் இருக்கலாம், மெலலூக்கா என்றும் இருக்கலாம். இரண்டும் ஒரே செடிதான். தாவரவியலாளர்கள் பலர் இப்போது இதை மெலலூக்கா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கு வழக்கமாகப் போட்டியில் நிற்பவை மூன்று. கிளை தொங்கும் விமினாலிஸ், நிமிர்ந்து புதராக வளரும் சிட்ரினஸ், குட்டை ரகமான லிட்டில் ஜான். மூன்றுக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியா.

அழகில் விமினாலிஸை மிஞ்ச முடியாது. பூத்திருக்கும்போது சிவப்புத் திரை தொங்குவது போல இருக்கும். ஆனால் அதற்கு இடம் வேண்டும். தண்ணீரைத் தேடி வேர் தூரம் போகும் என்பதால், கழிவுநீர்க் குழாய்க்கும் சுவருக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது. கடும் உறைபனியும் இதற்கு ஆகாது. சிட்ரினஸ் 6 முதல் 10 அடி வரை வளரும், குளிரைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், வேலியாகவும் வரிசை கட்டலாம். இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம் வரும். 1794-இல் வில்லியம் கர்டிஸ் இந்தச் செடியை விவரித்தபோது 'சிட்ரினா' என்று பெயர் வைத்தது அந்த வாசத்தை வைத்துத்தான்.

லிட்டில் ஜான் சுமார் 3 அடி உயரம், அதே அளவு அகலம். இலையில் சாம்பல் கலந்த நீலப்பச்சை, பூவில் அடர்ந்த ரத்தச் சிவப்பு. தொட்டிக்கு இது ஒன்றே சரி.

ஆனால் என்னைக் கேட்டால், உயரத்தை விட கவாத்தை, அதாவது கிளை வெட்டுவதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பூவை ஒரு முறை கிட்டே போய்ப் பாருங்கள். பிரஷ்ஷின் மயிர் போல நீட்டிக்கொண்டிருப்பவை இதழ்கள் இல்லை, மகரந்தத் தாள்கள். உண்மையான இதழ்கள் கண்ணில் படாத அளவுக்குச் சின்னவை. மயிரெல்லாம் உதிர்ந்த பிறகு குச்சியைச் சுற்றி மிளகு பதித்தது போல விதைக்காய்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் வருடக்கணக்கில். பூங்கொத்தின் நுனி அதோடு முடிந்துவிடாது. அங்கிருந்தே புதுத் துளிர் கிளம்பி மேலே வளரும், அடுத்த பூ அதன் நுனியில் வரும். வெட்டாமல் விட்டால் இப்படியே நீண்டு நீண்டு, கீழே மொட்டைக் கிளையும் உச்சியில் மட்டும் பூவுமாக ஆகிவிடும்.

எனவே பூ வாடியதும், காய்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இலை இருக்கும் பகுதியில் வெட்ட வேண்டும். பல மாதம் தள்ளிப்போட்டு வெட்டினால் அடுத்த பருவத்து மொட்டும் சேர்ந்து போய்விடும். என் சிட்ரினஸை மூன்று வருடம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு இலையே இல்லாத பழைய கட்டை வரை ஒரேயடியாக வெட்டினேன். மறுபடி துளிர்த்தது, ஆனால் அந்த வருடம் ஒரு பூ கூட இல்லை. வருடா வருடம் கத்தரியை எடுக்க மனமிருந்தால் சிட்ரினஸ் அடர்ந்து வளரும். விமினாலிஸ் வளர்ந்துவிட்டால் பூ கைக்கு எட்டாது. கன்றாக இருக்கும்போதே நுனி கிள்ளி உருவம் கொடுத்துவிட வேண்டும். லிட்டில் ஜானுக்கு நுனியை லேசாகக் கத்தரித்துவிட்டாலே போதும்.

மற்ற பராமரிப்பு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் இலை வரும், பூ வராது. இவை காட்டில் ஓடைக்கரையிலும் ஈர நிலத்திலும் வளர்பவை, ஆகவே மற்ற புதர்களை விட ஈரத்தைத் தாங்கும். வேர் பிடித்த பிறகு வறட்சியையும் தாங்கும். ஆனால் முதல் இரண்டு கோடையில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் நரம்பு பச்சையாகவே இருக்க, இளம் இலை மஞ்சளாகும். அது இரும்புச் சத்துக் குறை. யூரியா போட்டால் தீராது, செடி எளிதில் உறிஞ்சக்கூடிய கீலேட் வடிவ இரும்புதான் கொடுக்க வேண்டும். உரம் குறைவாக, மெதுவாகக் கரைவதாக இருக்கட்டும். பாஸ்பரஸ் அதிகமுள்ள கலவை வேண்டாம்.

அப்புறம், புதுக் கன்று உண்டாக்க விதையா குச்சியா? காய்களைக் காகித உறையில் போட்டு வைத்தால் சில நாளில் தானே வெடித்து, தூசி போன்ற விதை கொட்டும். மண்ணின் மேலே தூவினால் போதும், மூடத் தேவையில்லை. முளைப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் பூக்கப் பல வருடம் ஆகும், தாய்ச்செடி போலவே வரும் என்ற உறுதியும் இல்லை. லிட்டில் ஜானின் விதையிலிருந்து இன்னொரு லிட்டில் ஜானை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு 4 முதல் 6 அங்குல நீளத்தில், பாதி முற்றிய குச்சியை வெட்டிப் பதியுங்கள்.