துண்டு கட்டி இடம் பிடிக்கும் வியன்னா

வியன்னா போய்வந்ததிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் ஹோட்டல் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் அந்த ஊரில் எதை விட்டாலும் ஒன்றை விடாதீர்கள்: ஸ்டேட் ஆபரா என்ற இசைநாடக அரங்கில் நின்றுகொண்டு கேட்பதற்கான டிக்கெட்.

நான் மும்பை மாட்டுங்காவில் முப்பது வருடமாக வயலின் சொல்லித் தருகிறேன். ஷண்முகானந்தா அரங்கின் பால்கனியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. அக்கா செம்பூரில் இருக்கிறாள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் இந்த மே மாதம் எட்டு நாள் வியன்னாவில் தங்கினோம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த வாத்தியம் வயலின். அது வந்த ஐரோப்பிய மண்ணில் மக்கள் அதை எப்படிக் கேட்கிறார்கள் என்று ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அன்றைய நிகழ்ச்சிக்கான நிற்கும் டிக்கெட்டை ஆபராவில் அன்றைக்கே விற்கிறார்கள். நாங்கள் கொடுத்தது ஆளுக்கு இருபது யூரோவுக்கும் குறைவு. கீழ்த்தளத்தில் நிற்பவர்களின் இடம் மேடைக்கு நேர் எதிரே, நடு மாடத்துக்குக் கீழே இருக்கிறது. தூணும் மறைக்காது, தலையும் மறைக்காது; தளம் படிப்படியாக உயர்கிறது. எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப்போலப் பத்து மடங்கு கொடுத்திருப்பார்கள். நிற்பவர்களுக்கும் முன்னால் சிறு திரை வைத்து, பாடல் வரிகளை ஆங்கிலத்தில் காட்டுகிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கழுத்துத் துணியை அவிழ்த்து முன்னால் உள்ள கம்பியில் கட்டினார்கள். கட்டிவிட்டால் அது உங்கள் இடம். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், ஒருவரும் தொடமாட்டார்கள். கும்பகோணத்தில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு எங்களுக்கு இடம் பிடித்த அப்பா நினைவுக்கு வந்தார். அக்கா கைப்பையிலிருந்து ஈரோட்டுத் துண்டை எடுத்தாள்.

“கட்டட்டுமா?”

“கட்டு அக்கா.”

பட்டும் கம்பளியுமாகத் தொங்கிய துணிகளுக்கு நடுவே எங்கள் கட்டம்போட்ட துண்டு மூன்று மணி நேரம் இருந்தது.

அன்று மோட்சார்ட் எழுதிய ஆபரா. மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் உள்ள குழியில் இருந்த அத்தனை வாத்தியங்களுக்கும் மேலே ஒரு பெண்ணின் குரல் தனியாக எழுந்து, சன்னமாகி, இன்னும் சன்னமாகி, மூச்சு அளவுக்குக் குறைந்த பிறகும் கடைசிச் சுவரில் நின்ற எங்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நம் சபாக்களில் மைக்கை ஏற்றி வைக்கும் வழக்கத்தைப் பற்றி இருபது வருடமாகச் சண்டை போட்டுவருகிறேன். அந்தச் சண்டை நியாயமானதுதான் என்று அன்று எனக்கு உறுதியானது. குழியில் வாசிப்பவர்களும் சாதாரண ஆட்கள் அல்லர். வியன்னா பில்ஹார்மோனிக் குழுவில் சேர வேண்டுமானால், முதலில் இந்த ஆபரா வாத்தியக் குழுவில் வாசித்துத் தேற வேண்டும்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் மூன்றாம் நாள் மாலை. வெள்ளைப் பொய்முடியும் பழங்கால அங்கியும் அணிந்து தெருவில் கச்சேரி டிக்கெட் விற்பவர்களை ஊரின் நடுப்பகுதியில் பார்த்தோம். அப்படி ஒரு கச்சேரிக்கு மும்பையில் எங்கள் டிராவல்ஸ்காரர் முன்கூட்டியே பணம் கட்டவைத்துவிட்டார். விலை நிற்கும் டிக்கெட்டைப்போல நான்கு மடங்கு. வாசித்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் எதையும் முழுதாக வாசிக்கவில்லை. வர்ணமும் இல்லை, பல்லவியும் இல்லை, எல்லாமே துக்கடா. பக்கத்தில் ஒருவர் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். டூர் பட்டியலில் இது இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

ஆபரா கட்டடத்தின் கதை மனத்தை அறுக்கும். 1857இல் பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தி பழைய கோட்டைச் சுவர்களை இடிக்க ஆணையிட, அந்த இடத்தில் எழுந்ததுதான் ரிங் என்ற வட்டச் சாலை. ஆபராவைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே சாலை மட்டத்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்த்திவிட்டார்கள். கட்டடம் மண்ணில் புதைந்த பெட்டிபோல இருக்கிறது என்று ஊரே ஏசியது. அதை வடிவமைத்த வான் டெர் நூல் 1868இல் தூக்கிட்டுக்கொண்டார். கூட்டாளி சிக்கார்ட்ஸ்பர்க் சில வாரங்களில் நோயால் இறந்தார். 1869இல் அரங்கம் திறந்தபோது இருவரும் இல்லை. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து மேடையும் பார்வையாளர் மண்டபமும் எரிந்தன. மாடிப்படி உள்ள முன்பகுதி தப்பியது. பத்து ஆண்டு கழித்து, 1955 நவம்பரில், பீத்தோவனின் ஆபராவோடு மறுபடி திறந்தார்கள். அந்த மாடிப்படியில் கைவைத்து ஏறும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

மும்பைக்காரர்கள் அவசியம் போக வேண்டிய இன்னோர் இடம் ஹவுஸ் டெர் மியூசிக் என்ற ஒலி அருங்காட்சியகம். பில்ஹார்மோனிக்கை 1842இல் தொடங்கிய ஓட்டோ நிக்கோலாய் குடியிருந்த வீடு அது. திரையில் தெரியும் வாத்தியக் குழுவை நீங்களே கோலசைத்து நடத்தலாம். தாளம் தவறினால் திரையில் இருப்பவர்கள் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். 1936இல் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா பதினெட்டு வயதில் இந்த ஊருக்குப் படிக்க வந்தார். பிறகு பில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரியை ஐந்து முறை நடத்தினார். நம் ஊர்ப் பையன் என்று அக்கா உரக்கவே சொன்னாள். எனக்கும் அதே பெருமைதான்.

ஷான்ப்ரன் அரண்மனைக்கு ஒரு காலைப்பொழுது போதும். 1441 அறை என்கிறார்கள். பார்க்க விடுவது அதில் மிகச் சிறு பகுதி. கூட்டம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. ஆறு வயது மோட்சார்ட் மகாராணி மரியா தெரசா முன்னிலையில் வாசித்த அரண்மனை என்பதற்காக நான் போனேன். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. குன்றின் மேல் உள்ள குளோரியெட் மண்டபம் வரை நடந்தால் ஊர் முழுவதும் தெரிகிறது. அது உள்ளே பார்த்த தங்கப் பூச்சைவிட எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்கு 71ஆம் எண் டிராமில் போனோம். இறந்தவரை ‘71இல் ஏறிவிட்டார்’ என்று சொல்வது அங்கே வழக்கு. இரண்டாம் வாசலில் இறங்கி நேரே நடந்தால் 32ஏ பகுதி. பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் என்ற இசை மேதைகள் மூவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். மோட்சார்ட்டுக்கு நினைவுச் சின்னம் மட்டுமே. அவரைப் புதைத்தது சென்ட் மார்க்ஸ் கல்லறையில். பீத்தோவன் கல்லில் பெயரைத் தவிர வேறு சொல் இல்லை. அவர் இறந்தது 1827. சியாமா சாஸ்திரிகள் தஞ்சாவூரில் மறைந்ததும் அதே 1827. தியாகராஜர் பீத்தோவனுக்கு மூன்று வயது மூத்தவர். ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாமல், ஒரே காலத்தில் காவிரிக்கரையிலும் டான்யூப் கரையிலும் இவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வகுப்பில் இதைப் பலமுறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோதுதான் அது எனக்கே உறைத்தது. சாஸ்திரிகளின் பைரவியை மெதுவாக முணுமுணுத்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

காபியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 1880இல் தொடங்கிய கபே ஸ்பெர்லுக்கு மூன்று முறை போனோம். மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாள்கள், தேய்ந்த வெல்வெட் இருக்கைகள், ஓரத்தில் பில்லியர்ட்ஸ் மேசை. காபியை உலோகத் தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரோடு தருகிறார்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். பில்லை யாரும் நீட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா டிபன் கடை வாசலில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு நிற்கும் எங்களுக்கு இது பெரிய விடுதலை. எல்லாரும் சிபாரிசு செய்யும் மெலாஞ்ச் என்ற பால் காபி நம் நாக்குக்கு நீர்த்துப்போனது. ‘குரோசர் பிரவுனர்’ கேளுங்கள். பால் தனியாக வரும், கறுப்பும் கசப்பும் பில்டர் காபிக்குக் கிட்டத்தில் நிற்கும்.

சாப்பாடுதான் சைவர்களுக்குச் சோதனை. சைவம் என்று எழுதியிருந்தாலும் முட்டை இருக்கும். பாலாடைக்கட்டி போட்டுத் தரும் ஷ்பெட்ஸ்லே என்ற பண்டத்தின் மாவிலேயே முட்டை சேர்த்துப் பிசைகிறார்கள். நாஷ்மார்க்ட் சந்தையில் கொண்டைக்கடலை வடையும் ஹம்முசும் ரொட்டியும் கிடைத்தன, வயிறு நிறைந்தது. நாங்கள் போய் இறங்கியது ஞாயிறு. அன்று ரயில் நிலையக் கடைகளைத் தவிரக் காய்கறி, மளிகை எல்லாம் மூடியிருக்கும். பருப்புப்பொடி எடுத்துப் போனதால் பிழைத்தோம். தண்ணீர் மட்டும் விலை கொடுத்து வாங்காதீர்கள். ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீரை 1873 முதல் குழாய் வழியாக ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். அக்கா முதல் நாள் காய்ச்சச் சொன்னாள். இரண்டாம் நாளிலிருந்து குழாயடியில் கையேந்திக் குடித்தாள்.

இனி ஹோட்டல். எட்டாவது வட்டாரமான யோசெஃப்ஸ்டாட்டில், பழைய குடியிருப்பின் ஒரு தளத்தை விடுதியாக்கிய இடம். ஒரு இரவுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 110 யூரோ, காலை உணவு உட்பட. உயர்ந்த கூரை, தெருச்சத்தத்தைத் தடுக்கும் இரட்டை ஜன்னல், வெள்ளை வெளேரென்ற விரிப்பு. பத்து மணிக்கு மேல் கட்டடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். குறை மூன்று. முதலாம் தளம் என்று சொன்னார்கள். தரைக்கு மேலே ஒரு இடைத்தளம் இருந்ததால் அது நம் கணக்கில் இரண்டாம் மாடி. மின்தூக்கியில் ஒரு பெட்டியும் ஒரு ஆளும்தான் கொள்ளும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. அறுபதைத் தாண்டியவர்களை அழைத்துப் போனால் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, மறுபடி போனாலும் அங்கேதான் தங்குவேன்.

கடைசி இரவும் ஆபராவுக்கே போனோம். அக்காவுக்கு முழங்கால் வலி. இடைவேளையில் அவள் படியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி எங்கள் துண்டு நழுவுவதைப் பார்த்து, கம்பியில் இறுக்கி முடிந்துவிட்டுப் போனாள்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆபரா மூடியிருக்கும். மும்பையின் பள்ளி விடுமுறை மே மாதத்தில் இருப்பதால் குழந்தைகளோடு அப்போதே போகலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாராளமாக நின்று கேட்பார்கள். கையில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.