மூன்று நிமிட பிராங்க், இரண்டு மணி நேரப் படம்: எந்த வழி?

கும்பகோணத்தில் என் நண்பர்கள் நாலு பேர் மறைகேமரா வைத்து, விஷயம் தெரியாதவர்களிடம் விளையாட்டு காட்டும் பிராங்க் ஸ்கிட் எடுக்கிறார்கள். பேருந்து நிலையம், மகாமகக் குளக்கரை, டிகிரி காபிக் கடை வாசல் என்று ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் ஓடும். இப்போது அதை முழுநீளப் படமாக்கும் ஆசை வந்திருக்கிறது. மூன்று வழிகளை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதல் வழி, நல்ல பிராங்க்குகளாகப் பொறுக்கிக் கோத்துவிடுவது. 'கேண்டிட் கேமரா' என்ற அமெரிக்க மறைகேமரா டிவி நிகழ்ச்சியால் புகழ்பெற்ற ஆலன் ஃபன்ட் 1970-லேயே அப்படி ஒரு படம் எடுத்தார். செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அரை மணி நேரத்தில் சிரிப்பு வற்றிவிடும். போனில் சும்மா பார்த்ததை டிக்கெட் வாங்கி யார் பார்ப்பார்கள்? இது வேண்டாம்.

அடுத்தது, பிராங்க் எடுக்கும் பையன்களைப் பற்றி முழுக்க எழுதிய கதை. வருகிறவர்கள் எல்லாரும் நடிகர்கள். 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிராங்க் வீடியோக்களுக்கு இடைக்காலத் தடை விதித்ததை நினைத்தால், இதுதான் பத்திரமான வழி. ஆனால் இந்த ஸ்கிட்டுகளின் உயிரே, விஷயம் தெரியாத மனிதர் முகம் மாறுகிற அந்த ஒரு விநாடிதான். அதை நடித்துக் காட்டினால் மிச்சம் என்ன இருக்கும்?

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: கதை எழுதியது, முக்கியப் பாத்திரங்கள் மட்டும் நடிகர்கள், எதிர்ப்படும் சனங்கள் நிஜம். 2013-ல் வந்த 'பேட் கிராண்ட்பா' என்ற அமெரிக்கப் படம் இப்படி எடுத்ததுதான். நடிகர் ஜானி நாக்ஸ்வில் 86 வயதுக் கிழவராக வேஷம் போட்டு, எட்டு வயதுப் பேரனோடு ஊர் ஊராகப் போவார். பக்கத்தில் நின்றவர்களுக்கே சந்தேகம் வராத அந்த ஒப்பனை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பையனுக்கு என்ன ஆகுமோ என்ற கவலைதான் நம்மைக் கடைசிவரை உட்கார வைக்கிறது. 2020-ல் வந்த 'இம்ப்ராக்டிகல் ஜோக்கர்ஸ்' படமும் கதையையும் பிராங்க்கையும் கலந்ததுதான். ஆனால் அதில் கதை ஒரு பக்கம், பிராங்க் ஒரு பக்கம் என்று ஒட்டாமலே கிடக்கும்.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. கசகஸ்தான் நிருபராக ஒரு நடிகர் வேஷம் போட்டு எடுத்த 2006-ஆம் ஆண்டு 'போராட்' படத்தில் ருமேனியாவின் குளோட் கிராமத்தைக் கசகஸ்தான் கிராமமாகக் காட்டினார்கள். ஆவணப்படம் என்று சொல்லி எங்களை ஏமாற்றினார்கள் என்று அந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை, ஆனாலும் அவர்களுடைய வருத்தம் நியாயமானது. எங்கள் குழுவிலும் ஒரு தம்பி, நெல் கொள்முதல் நிலையத்தில் போலி அதிகாரியாகப் போய் "ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கு, எடுக்க முடியாது" என்று சொல்லலாம் என்றான். மழையில் தார்ப்பாயைப் போட்டு மூடிய குவியலுக்குப் பக்கத்திலேயே ராத்திரி படுத்திருக்கும் விவசாயியிடம் போய் அதைச் சொல்வதா? எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கிண்டல் நம் நடிகர் மேல்தான் விழ வேண்டும். அதனால் நான் சொன்ன கதை இது: கல்யாணத்துக்கு வாசிக்க வேண்டிய நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் ஊர்ப்பெயர் குழம்பித் தப்பான ஊரில் இறங்கிவிடுகிறார்கள். டெல்டாவில் 'திரு' என்று தொடங்கும் ஊர்களுக்கா பஞ்சம்? திருவிடைமருதூரா, திருவையாறா, திருக்காட்டுப்பள்ளியா என்று வழியெல்லாம் விசாரிப்பார்கள். வழி சொல்கிறவர், டீ வாங்கித் தருகிறவர், "ஏறுங்கண்ணே" என்று வண்டியில் ஏற்றிக்கொள்கிறவர் எல்லாரும் நிஜ மனிதர்கள். முகூர்த்த நேரம் நெருங்க நெருங்கக் கதை தானாக ஓடும்.

சரி, இதற்குச் செலவு கூடும். பேருந்து நிலைய ஹாரன் சத்தத்தில் போன் மைக் தியேட்டருக்குத் தேறாது, நடிகர் சட்டைக்குள் தனி மைக் வேண்டும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் விஷயத்தைச் சொல்லி, தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு நல்ல காட்சியானாலும் அவர் கண் முன்னாலேயே அழித்துவிட வேண்டும். நண்பர்கள் இதற்கு மட்டும் இன்னும் தலையாட்டவில்லை.