மூலத்துக்கு மருந்து என்று 6,800 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், ஜாக்கிரதை

கோபம் அடங்கவில்லை, அதோடுதான் எழுதுகிறேன். அப்பாவுக்கு ரொம்ப நாளாக மூலம், மலத்தோடு ரத்தம் போகும், ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவார்கள் என்று பயம். முகநூலில் விளம்பரம் போட்டு மூலிகை மருந்து விற்கும் ஒரு கூட்டத்துக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்த பெண் "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாளாம். அப்புறம் வைத்தியர் என்று ஒருவன் வந்து, துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது, கருணைக்கிழங்கு சாப்பிடுவது என்று எங்கள் அப்பத்தா சொன்னதையே வரிசையாகச் சொல்லியிருக்கிறான். அந்த இடத்தில்தான் அப்பா முழுசாக நம்பிவிட்டார். ஒரு மண்டலம் சாப்பிட்டால் வேரோடு போய்விடுமாம். பென்ஷன் பணத்திலிருந்து 6,800 ரூபாய் போனது.

வந்தது ஒரு சூரணம், சின்னக் குப்பியில் எண்ணெய். என்னென்ன சேர்த்தது என்று இல்லை, உரிம எண் இல்லை, தயாரித்த தேதிகூட இல்லை. சாப்பிட ஆரம்பித்ததும் வயிற்றுப்போக்கு, ரத்தமும் கூடிவிட்டது. கேட்டால் "கெட்டது வெளியேறுதுங்க, நல்லதுதான்". திரும்பக் கேட்டால் "பத்தியத்துல புளி சேர்த்திருப்பாரு". வைத்தியரைக் கூப்பிடச் சொன்னால் அய்யா பூஜையில் இருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8, ரத்தம் ரொம்பவே குறைந்துபோயிருந்தது. அங்கே சித்தா பிரிவு டாக்டரிடம் அந்தச் சூரணத்தைக் காட்டினோம், நிலாவாகை தூக்கலாக இருக்கிறது போல என்றார், அதாவது பேதி மருந்து! 6,800 ரூபாய்க்கு!

மூலிகை மேல் எனக்குக் கோபமே இல்லை. துத்தி வீக்கத்தைக் குறைக்கிறது என்று எலிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் மனிதர்களுக்கு மூலத்தை வேரோடு எடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆதாரம் இருப்பது நார்ச்சத்துக்கு. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2005-இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் ரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்த நார்ச்சத்துக்கான இசப்கோல் உமி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது, என்ன பெரிய விலை அது?

என்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. லேபிளில் உரிம எண்ணும் சேர்மானமும் இல்லாததைத் தொடாதீர்கள். போனிலேயே மூலம்தான் என்று முடிவுகட்டுகிறவனை நம்பாதீர்கள், குடல் புற்றுநோயிலும் இப்படி ரத்தம் போகும், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.