சபைக்கு சவுண்ட் பாக்ஸ் வேணுமா? புதுசா பொருளாளர் ஆனவனோட ரிவ்யூ

களியக்காவிளை பக்கம் எங்க கிறிஸ்தவ சபையில இந்த தடவை என்னைய பொருளாளரா தெரிஞ்செடுத்தாங்க. பொறுப்பு எடுத்ததும் வாலிபர் சங்கத்து பிள்ளைங்க வெச்ச மொத கோரிக்கையே காணிக்கைக்கு கியூஆர் கோடும், கடையில "நூறு ரூபாய் பெறப்பட்டது"ன்னு சொல்லுமே அந்த சவுண்ட் பாக்ஸும் வேணும்னுதான். எடுத்து பாத்தாச்சு, இதே யோசனையில இருக்குற மத்த சபை பொருளாளர்மாருக்கு உதவட்டும்னு எழுதுறேன்.

பெட்டி நல்ல பெட்டிதான். உள்ளயே சிம் இருக்கு, வைஃபை வேண்டாம், மாச வாடகை நூறு ரூபா பக்கம், தமிழ் மலையாளம் ரெண்டுல எது வேணும்னாலும் வெச்சுக்கலாம், பாறசாலையில இருந்து குடும்பங்க வர்ற சபைக்கு அது நல்ல வசதி. ஆனா சிக்னல் இல்லன்னா பைசா ஏறி ரொம்ப நேரம் ஆனாலும் மிண்டாது. கருங்கல் சுவர் வெச்ச பழைய ஆலயம்னா மொதல்ல அங்கயே நின்னு செக் பண்ணிக்குங்க.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐயரும் (சபை போதகர்) கமிட்டிக்காரங்க கொஞ்ச பேரும் ஆலயத்துக்குள்ள வெச்சே போட்டு பாத்தோம். ஒருத்தர் பத்து ரூபா அனுப்பினாரு, அது ஆல்டர் வரை கேட்டுது, சவுண்டை அடிமட்டத்துக்கு கொறச்சும் நாலஞ்சு பெஞ்சு தள்ளி தெளிவா கேக்குது. அடுத்தவர் ஐநூறு அனுப்பினாரு. பத்தும் ஐநூறும் அடுத்தடுத்து அந்த ஆளில்லாத ஆலயத்துல கேட்டதும் யாருக்கும் மனசு ஒப்பல. அங்க பெருக்கிட்டு இருந்த பாட்டி வெளக்கமாத்த கீழ வெச்சுட்டு, "மக்களே, நான் போடுறது பத்து ரூவா, அதை இது எல்லாருக்கும் கேக்க சொல்லுமா"ன்னு கேட்டாங்க. இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிர உக்காந்து மெச்சினது அந்த ஏழை விதவையோட ரெண்டு காசை, வலது கை குடுக்குறது இடது கைக்கு தெரியப்படாதுன்னு சொன்னதும் அவருதான். ஆராதனை நடக்குற எடத்துல தொகையை சத்தமா சொல்ற எதுவும் வேண்டவே வேண்டாம், இதுல நான் கறாரா இருக்கேன்.

அதனால பெட்டி ஆபீஸ் ரூமுக்கு போயிட்டு, ஆலய வாசல்ல பேப்பர் கியூஆர் மட்டும் ஒட்டியிருக்கோம், காணிக்கை பை எப்பவும் போல வரிசையா போகுது. சந்தா கட்ட வர்றவங்களுக்கு ஆபீஸ்ல இந்த பெட்டி அருமை. காணிக்கையா வந்த விளைச்சலை ஏலம் விடுற அறுப்பின் பண்டிகையில இன்னும் நல்லா ஒதவும், வாழைக்குலையும் சக்கையும் (பலாப்பழம்) கோழியும் மாறி மாறி ஏலம் போற கூட்டத்துல யாரு பைசா அனுப்பினா, வந்துச்சான்னு ஒவ்வொருத்தர் போனையும் வாங்கி பாத்துட்டு நிக்க முடியாது. இந்த ரெண்டு வேலைக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன்.

கணக்கு விஷயம்தான் பெட்டியை விட முக்கியம். கியூஆர் சபை பேர்ல உள்ள பேங்க் அக்கவுண்ட்ல இருக்கணும், எடுக்க ரெண்டு பேர் கையெழுத்து வேணும், "தற்காலிகமா பொருளாளர் ஜிபே நம்பரை போடுங்க"ன்னு யாரு சொன்னாலும் சம்மதிக்காதீங்க, ஆளு எவ்வளவு நேர்மையா இருந்தாலும் பின்னால பேச்சு வரும். எங்களுக்கு ஞாயித்துக்கிழமை பைசா பேங்க்ல ஏறுறது திங்கக்கிழமை, பாஸ்புக்கை மட்டும் பாத்து எழுதினா காணிக்கை நோட்டோட ஒத்துவராது, ஆப்ல உள்ள அன்னன்னைக்கு ரிப்போர்ட்டை பாத்து எழுதி, பை காணிக்கை எண்ணுற ரெண்டு பேரையே இதுலயும் கையெழுத்து போட வைங்க.

இன்னொண்ணு, நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காங்க. கல்ஃப்ல இருக்குற நம்ம ஆளு இந்திய பாஸ்போர்ட்டோட, சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையில சேராது. அமெரிக்க குடியுரிமை வாங்கினவர் அனுப்பினா, இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்குற ஓசிஐ கார்டு இருந்தாலும், எஃப்சிஆர்ஏங்குற வெளிநாட்டு நன்கொடை சட்டப்படி வெளிநாட்டு பணம்தான். அதை வாங்க பதிவோ முன் அனுமதியோ வேணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் அது மொதல்ல டெல்லியில உள்ள எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் வந்து விழணும். அதனால கியூஆர் படத்தை கண்ட வாட்ஸப் குரூப்ல எல்லாம் போட விடாதீங்க.

பெட்டி குடுக்க வர்ற ஆளுகிட்ட வாடகையை எப்ப நிறுத்தலாம், பெட்டியை எங்க திருப்பி குடுக்கணும்னு மொதல்லயே எழுத்துல வாங்கி கமிட்டி ஃபைல்ல வெச்சுக்குங்க, அடுத்து வர்ற பொருளாளருக்கும் அது வேணும்.